வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள்

இன்று காலை நம் தெருவுக்குத் தார் போட வந்திருந்தார்கள். உருகிய தாரின் வாடை உள்ளே வந்ததும் மருமகள் ஜன்னலைச் சாத்தினாள். நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். விடுமுறைக்கு நீங்கள் வரும்போதெல்லாம் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது இந்த வாடைதான். எத்தனை அலசு அலசினாலும் உங்கள் காக்கிச் சட்டையை விட்டுப் போகாது. இதை வேறு யாரிடம் சொல்வது? உங்களிடமே சொல்லலாம் என்று பேனாவை எடுத்தேன், மாமா.

கல்யாணமான ஏழாம் மாதம், எல்லையில் சாலை போடும் படையில் உங்களைப் பயனியராக எடுத்தார்கள். பெயரைக் கேட்டதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்து அத்தை நம் ஊர் பருத்திப்பட்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். முதல் விடுமுறையில் வந்த நீங்கள் சிரித்தீர்கள். "ரோடே இல்லாத எடத்துக்கு மொதல்ல போறவன்மா நானு. பாறைய ஒடைக்கணும், மண்ண வாரணும். ரோடு வந்தப்புறம் ஜீப்புல வர்றாங்க பாரு, அவங்கதான் பெரிய ஆளுங்க."

அருணாசலப் பிரதேச மலைகளில் நீங்கள் இருந்த முகாமுக்கு ஊர்ப் பெயர் கிடையாது. முகவரியில் எழுத ஓர் எண்தான். கடிதம் வந்து சேர இருபது நாள். மண் சரிந்துவிட்டால் நாற்பது நாளும் ஆகும். பேனா மை உறைந்துபோகிறது என்று பென்சிலில் எழுதுவீர்கள். "இங்கே மேகம் கூடாரத்துக்குள்ளேயே வந்து போகிறது. துவைத்த துணி காய எட்டு நாள் ஆகிறது. மற்றபடி சுகம்." உங்கள் கடிதங்கள் பெரும்பாலும் இவ்வளவுதான்.

கடிதத்தில் நாம் பேசியது ஒன்றோடொன்று பொருந்தியதே இல்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நான் எழுதினேன். காய்ச்சல் விட்டு, அவள் பள்ளிக்கூடம் போய், ஏரிக்கரையில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தபோது உங்கள் பதில் வந்தது: நிலவேம்புக் கஷாயம் கொடு. "அப்பா எழுதிட்டாரு, குடுத்துடும்மா" என்று அவளே கேட்டு வாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள்.

பாப்பா ஒன்றாம் வகுப்புப் படித்த வருடம்தான் அது நடந்தது. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த செல்வி, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றாள். எனக்குத் தைக்கத் தெரியும். தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டே ஒரு பெண் எத்தனை வருடம் உட்கார்ந்திருப்பாள்? போகட்டுமா என்று உங்களுக்கு எழுதினேன். ஒரு மாதம் காத்திருந்தேன். பதில் இல்லை. "திங்கக்கிழம வரலன்னா வேற ஆளப் போட்ருவாங்களாம்" என்று செல்வி வந்து சொன்னாள். திங்கட்கிழமை ஆவடியில் ரயில் ஏறிவிட்டேன். அத்தை தடுக்கவில்லை. "எம்புள்ள சொல்லட்டும், அப்பால பேசிக்கறேன்" என்றார்.

பத்து நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. ஒரே வரி. "வேலைக்கெல்லாம் போக வேண்டாம், வீட்டில் இரு."

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னா எழுதிக்கீறான்?"

"எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டுக்கீறாரு."

அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்ததோ தெரியவில்லை. மறுநாள் காலை வழக்கம்போலக் கிளம்பினேன். கடிதத்தைக் கத்தரிக்கோல் டப்பாவுக்குள் அடியில் மடித்து வைத்தேன். நீங்கள் வரும் நாளை எண்ணிக் காத்திருந்தவள், வரக்கூடாதே என்று பயந்தது அந்த நான்கு மாதம்தான்.

பங்குனியில் சொல்லாமல் வந்தீர்கள். பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு நேரே எஸ்டேட்டுக்கு வந்து, கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தீர்கள். முகம் கருத்து, உதடு வெடித்திருந்தது. என்னைத் தனியாக விட்டுவிட்டுச் செல்வி முன்னால் போய்விட்டாள். ஸ்டேஷன் பக்கம் நடந்தோம்.

"லெட்டரு வந்துச்சா?"

"இல்லியே" என்றேன்.

நின்றுவிட்டீர்கள். "ரெண்டுமேவா வரல?"

"ரெண்டா?"

"மொதல்ல வேணாம்னு எழுதிப் போட்டேன். மறுநாளு வேலைக்குப் போறேன், எங்கூட கல்லு ஒடைக்கிற மலைக்காரப் பொம்பள முதுவுல புள்ளயக் கட்டிகினு சுத்தியலத் தூக்குறா. ரெண்டு வருசமா அவகூடத்தான் வேல செய்றேன். ஒரு நாளும் தப்பாத் தோணல. எம்பொண்டாட்டி மிஷின்ல ஒக்காந்தா மட்டும் இன்னா தப்பு? அன்னிக்கே இன்னொண்ணு எழுதினேன். போ, நல்லா செய்யின்னு."

அந்தக் கடிதம் வரவேயில்லை. மண் சரிவில் எங்கே புதைந்ததோ. ஆனால் அதற்குமேல் என்னால் பொய்யைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

"மொதல் லெட்டரு வந்துச்சு."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டுமா போன?"

"ஆமா."

ரயில் ஒன்று கடந்து போயிற்று. கை ஓங்கிவிடுவீர்களோ என்றுகூட நினைத்தேன். பிறகு என் பையை வாங்கி உங்கள் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்ப ரெண்டாவது லெட்டர எனக்கு நானேதான் எழுதிக்கினேன்போல" என்றீர்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம், "நான்தாம்மா போவச் சொன்னேன், லெட்டர்ல எழுதியிருந்தேன்" என்றீர்கள். அத்தை உங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து காலையில் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தது அவர்தான். பதினெட்டு வருடம் அந்த வேலையில் இருந்தேன்.

பிற்பாடு ஒரு மழையில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, உங்கள் கடிதங்களெல்லாம் ஊறிக் கூழாகிவிட்டன. கத்தரிக்கோல் டப்பாவுக்குள் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. உங்கள் பதினாறாம் நாள் முடிந்து சாமான்களை ஒதுக்கும்போது பாப்பா அதை எடுத்துப் படித்துவிட்டாள். "அப்பாவா இப்பிடி எழுதினாரு?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். தலையாட்டினாள். ஆனால் அவள் கண் அந்தத் தாளை விட்டு நகரவில்லை. என் வாய்ச்சொல் எங்கே, உங்கள் கையெழுத்து எங்கே?

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முடித்ததும் மடித்து, அந்தக் கடிதத்தோடு சேர்த்து வைக்கப் போகிறேன். பேரப்பிள்ளைகள் நாளை எடுத்துப் பார்த்தால் இரண்டையும் படிக்கட்டும். உங்கள் கையெழுத்தில் என்னிடம் மிஞ்சியிருப்பது "வேண்டாம்" என்ற சொல். ஆனால் என் காதில் நிற்பது, அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நீங்கள் சொன்னதுதான். போ, நல்லா செய்யி.