தொண்ணூறு மில்லி அதிகம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா சொல்ல, உன் தங்கை எழுதுகிறாள். என் வலது தோள் எலும்பு உடைந்து கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கிடக்கிறது. அது தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய், இருந்த இடத்திலிருந்தே அப்பன் எலும்பை உடைக்கத் தெரிந்தவனுக்கு என்ன குறை. நீ அனுப்பிய ஸ்பிரிங் இரண்டும் வந்து சேர்ந்தன. மோட்டார் சைக்கிளின் முன்சக்கர ஃபோர்க் பாறையில் இறங்கும்போது டொக் டொக் என்று அடிக்கிறது, கை மரத்துப்போகிறது என்று நான் சொன்னதைக் கேட்டு, வேலை செய்கிற பட்டறையிலேயே உன் கையால் சுற்றியதாகவும், போட்டால் வெண்ணெய் மாதிரி இறங்கும் என்றும் எழுதியிருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை கல்குவாரிப் போட்டியில் முழங்கால் உயரப் பாறைப் படியில் இறக்கினேன், நடக்கிற வேகத்தில், முப்பது வருஷமாக இறக்குகிற அதே படியில். பாதி இறங்கியதும் ஃபோர்க் சுவரில் முட்டியது போல நின்றது. வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. பாறை மேல் ஓட்டும்போது கால் தரையில் பட்டால் ஒரு புள்ளி போகும், அதுதான் எங்கள் விளையாட்டு. தலை பட்டால் எத்தனை என்று நடுவருக்கே தெரியவில்லை, விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார், அதற்குள் என்னைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

இனி எனக்கு ஸ்பிரிங் சுற்றாதே. சுற்றித்தான் ஆகவேண்டும் என்றால் சோபாவுக்குச் சுற்று, உட்காருகிறவன் விழுந்தாலும் பக்கத்தில்தான் விழுவான். நாற்பது வருஷத்து வண்டி, அதைப் போட்டியில் ஓட்டிய எனக்குத் தெரியாதது நேற்று மீசை முளைத்த உனக்குத் தெரியுமா. சனிக்கிழமை வண்டியைக் காந்தம் வந்து எடுத்துப் போகிறான். உனக்கு நினைவிருக்கும், கடைத்தெருப் பழைய இரும்புக்காரன், எந்த இரும்பைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்வான். பிரித்து உதிரியாக விற்றுக்கொள்ளட்டும். அம்மாவுக்குப் பல்வலி பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள், நான் கேட்கவில்லை, அவள் கேட்கிறாள். ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. லீவில் வருவதானால் வா, வண்டி நின்ற இடத்தில் உனக்குக் கட்டில் போட இனி இடம் இருக்கும்.

அண்ணா, இதுவரை அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. கையெழுத்துப் போட இடது கையில் பேனாவை எடுத்தவர், காலையில் ஒருமுறை படித்துவிட்டுப் போடுகிறேன் என்று வைத்துவிட்டார். அவர் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார் என்று உனக்குத் தெரியும். இப்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். கூடத்தில் மாமா குறட்டை விடுவது கேட்கிறது, அது நின்றால் என் பேனாவும் நின்றுவிடுகிறது.

உன் ஸ்பிரிங்கில் ஒரு தப்பும் இல்லை. தப்பு மாமா மேல், பாதி என் மேல். பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அம்மாவின் தம்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு அவர் பெரிய நிபுணர். அவர் சரிசெய்த பிறகு நம் வீட்டு அழைப்பு மணி வெளியே அழுத்தினால் அடிப்பதில்லை, மழை பெய்தால் அடிக்கிறது. ஸ்பிரிங் வந்த வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல். நான் மாட்டுகிறேன் அத்தான் என்று மாமா கிளம்பிவிட்டார். நீ எழுதிய தாளை நான் வாசிக்க வேண்டும், அவர் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க உள்ளே அமுக்கி வைத்து, மேல் விளிம்பிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் கீழே ஆயில் நிற்கிற மாதிரி ஊற்றவும், ஃபோர்க்கின் ஒரு காலுக்கு, அதாவது ஒரு குழாய்க்கு, நூற்றெண்பது மில்லி வரும் என்று நீ எழுதியிருந்தாய். மாமா அதற்குள் எஞ்சினுக்கு அடியில் மரப்பெட்டி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க் முழு நீளத்துக்கும் தொங்க, ஸ்பிரிங்கையும் உள்ளே இறக்கியிருந்தார். அப்படியே என் பள்ளிக்கூட ஸ்கேலை விட்டு அளந்து ஊற்ற ஆரம்பித்தார். மாமா, ஸ்பிரிங்கை எடுத்துட்டு அமுக்கி வெச்சு அளக்கணும்னு போட்டிருக்கு என்றேன். அதற்கு அவர், "உங்கண்ணன் ஆயிரம் எழுதுவான். பதினஞ்சு சென்டிமீட்டர் எங்க அளந்தாலும் பதினஞ்சு சென்டிமீட்டர்தாம்மா. நான் எத்தனை வண்டி பாத்திருக்கேன்" என்றார். பார்த்திருக்கிறார், பஸ் ஜன்னல் வழியாக. முடிந்ததும் ஹேண்டில்பாரை அமுக்கி, பாத்தியா, எவ்வளவு கெட்டியா நிக்குதுன்னு என்று பூரித்துப்போனார். மெத்தென்று இறங்கத்தான் நீ ஸ்பிரிங் சுற்றி அனுப்பினாய் என்பது அவர் தலையில் ஏறவே இல்லை.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், அப்பா என்னைக் கூப்பிட்டு, அண்ணன் எழுதினபடியேதானே ஊத்தினான் என்று கேட்டார். மாமா என் பின்னால் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஆமாப்பா என்றேன். ஏனென்றால் அதற்கு நாலு நாள் முன்பு, வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து கொல்லையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அதை மாமா பார்த்துவிட்டார். நான் வண்டியைத் தொட்டாலே அப்பா என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும். நீ ஒண்ணை மறை, நான் ஒண்ணை மறைக்கிறேன் என்றார் மாமா. அப்பாவைக் கட்டுப் போட்டுக் கூட்டி வந்த அன்று அவரே முதல் ஆளாக, "நான் அப்பவே நெனச்சேன் அத்தான், பையன் சுத்தின ஸ்பிரிங்கு சரியில்ல" என்றார். அம்மா தலையாட்டினாள். நானும் பக்கத்தில் நின்றேன். அவரைக் கேவலமானவர் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, நானும் அப்படித்தான் நின்றேன்.

இன்று மத்தியானம் அம்மா அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மாமா பேப்பரை முகத்தில் போட்டுத் தூங்கிவிட்டார். நான் ஃபோர்க்கின் அடி ஸ்க்ரூவைக் கழற்றி, கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடியில் ஆயிலை வடித்தேன். இடது காலில் இருநூற்றெழுபது மில்லி, வலது காலிலும் அதே. நீட்டித் தொங்கவிட்டு அளந்ததில் காலுக்குத் தொண்ணூறு மில்லி அதிகம். ஃபோர்க் இறங்க உள்ளே இடமே இல்லை அண்ணா, ஆயில் நிரம்பி வழி அடைத்துக்கொண்டது. ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கி, ஸ்பிரிங்குகளை வெளியே எடுத்து, நீ சொன்னபடி அமுக்கி வைத்து அளந்து ஊற்றினேன். அமுக்குவதற்காக அடியிலிருந்த மரப்பெட்டியை இழுக்கும்போது வண்டி என் கால் விரல் மேல் இறங்கிவிட்டது, கத்தாமல் இருக்கச் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டேன். ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு மூடி, ஹேண்டில்பார் மேல் முழு பாரத்தையும் போட்டு அழுத்தினேன். கடைசிவரை இறங்கியது, சத்தமில்லாமல் ஏறி வந்தது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று அழுத்திக்கொண்டே இருந்தேன்.

இதையெல்லாம் தனித் தாளில் எழுதி உறைக்குள் ஒளித்து வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இது உன்னிடம் வந்து சேர ஆறு நாள் ஆகும். சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. அதற்குள் காந்தம் வண்டியைப் பிரித்திருப்பான், அப்பா ஆயுசுக்கும் உன்னைத் திட்டிக்கொண்டிருப்பார். அதனால் அவர் சொன்னதற்குக் கீழேயே, அதே தாளில் எழுதிவிட்டேன். காலையில் அவர் படிப்பார். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு எப்படி வருவேன் என்று தெரியவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். அப்பா கையெழுத்துப் போடக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

மகனுக்கு. இடது கை, கோணலாக இருக்கும். வலியில் நாலு மணிக்கே எழுந்தேன், படித்தேன். வண்டியை ஒற்றைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். நீ சுற்றியது நல்ல ஸ்பிரிங். மேலே நான் சொன்ன எதையும் அடித்து அழிக்கவில்லை, உன் அப்பன் எவ்வளவு பேசுவான் என்பதற்கு அத்தாட்சியாக இருக்கட்டும். காந்தத்துக்கு வேண்டாம் என்று ஆள் அனுப்புகிறேன். உன் மாமாவுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று அம்மாவையே விசாரிக்கச் சொல்வேன். உன் தங்கையிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, சாயங்காலம் வரை பயந்துகொண்டிருக்கட்டும், சொன்ன பொய்க்கு அது போதும். எனக்குத் தோள் எலும்பு ஒட்ட ஆறு வாரம் ஆகும், அதுவரை வண்டி நின்றால் கெட்டுவிடும். அவள் தூங்கும்போது நூல் வைத்துத் தலையை அளந்தேன், ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர். அந்த அளவில் நல்ல ஹெல்மெட் ஒன்று அனுப்பு, மறக்காதே. நன்றாக இரு.

இப்படிக்கு,
அப்பா