கப்பலுக்குப் பொருத்தம்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
19 ஜூன் 1944

அன்புள்ள பூதலிங்கத்துக்கு,

ஆமாம், உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஓட்டையோடு. கப்பலைத் தண்ணீரில் இறக்கிய தேதியை எழுதியிருந்தாய் போலிருக்கிறது. சென்சாரில் அந்த இடத்தைச் சதுரமாகக் கத்தரித்துவிட்டார்கள். அமெரிக்காவில் சரக்கு ஏற்றக் கட்டிய கப்பல், இப்போது கடற்படையின் கையில், மேல்தட்டில் பீரங்கி, கீழே எஞ்சின் அறையில் நீ. இவ்வளவும் தப்பியது. உனக்குச் சுகம் என்ற வரியும் தப்பியது. நான் நன்றாக இருக்கிறேன். இதை அழுத்தி எழுதுவதற்குக் காரணம் உண்டு.

அந்தத் தேதியை உன்னிடம் மாமா கேட்டது எதற்கென்று உனக்குத் தெரியாது. ஆணி அடிக்காமல் தகடுகளை உருக்கி ஒட்டிய அமெரிக்கக் கப்பல்கள் நடுக்கடலில் பிளக்கின்றன என்று சாலைக் கடைத்தெருவில் பேச்சு. அதைக் கேட்டுவிட்டு, உன் ஜாதகத்துக்கும் கப்பலுக்கும் பொருத்தம் பார்க்க ஜோசியப் பணிக்கரைக் கூட்டி வந்தார். பணிக்கர் விழித்தார். "பெண்ணானால் பிறந்த நேரம் உண்டு. இதுக்கு எது பிறப்பு? முதல் தகடு வெச்சதோ, வெள்ளத்தில் இறக்கியதோ, நேவிக்காரன் கொடி மாத்தியதோ?" மாமா உன் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தேதியை மட்டும் வெட்டியிருக்கான் பாரு, படுபாவி" என்றார். பணிக்கருக்கு அது போதுமாக இருந்தது. "கடுதாசியில் ஓட்டை கண்டது லக்ஷணம் சரியல்ல, கேட்டோ." யாரோ ஒரு குமாஸ்தாவின் கத்தரி. பணிக்கர் வாயில் கப்பலுக்கே ஓட்டை விழுந்தாயிற்று.

மறுநாள் மாமா இங்கிலீஷில் ஒரு மனு கொண்டுவந்தார். தாய் இருதய நோயால் படுத்த படுக்கை, ஒரே மகன், கப்பலிலிருந்து எடுத்துக் கரையில் ஓர் ஆபீஸில் போடவும். என் கையெழுத்து வேண்டுமாம். "ஏட்டி சிவகாமி, நான் காரணவன் சொல்லுகேன், போடு." தாய்மாமனே குடும்பத் தலைவன் என்கிற மருமக்கள்வழி சட்டத்தில் ஒழிந்து பதினெட்டு வருஷம்; மாமாவுக்குள் ஒழியவில்லை. "படுத்த படுக்கைக்காரிக்குப் பள்ளிக்கூடம் நேரமாச்சு அண்ணா, ஆறாம் கிளாஸ் காத்துக்கிட்டிருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அழுதார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பயமில்லை என்று எழுத மாட்டேன். பிளக்கும் என்ற சொல் சோற்றுத் தட்டில் கிடக்கிறது, கரும்பலகையில் கிடக்கிறது. ஆனால் அந்த எஞ்சினை விட்டு இறங்க மாட்டேன் என்று நீ எழுதியிருக்கிறாய். என் பயத்துக்காகப் பொய் சொல்லி உன்னை இறக்கினால் அப்புறம் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன். நான் பி.ஏ. படிக்கப் போனபோதும் தோஷம் சொன்னார்கள். போனேன். கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். மாமாவை வெறுக்காதே, அவருக்குத் தனியாக நாலு வரி எழுது, தேதி எதுவும் இல்லாமல். மிதவைச் சட்டையைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுத் தூங்காதே.

நீயும், உன்னோடு இருக்கும் பிள்ளைகளும், அந்தக் கப்பலும் தீர்க்காயுசாக இருங்கள்.

உன் அம்மா,
சிவகாமி

பி.கு. காகிதம் எங்கும் கிடைக்கவில்லை. மனுவின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, இதை அதில்தான் எழுதியிருக்கிறேன். சென்சார் துரை இரண்டு பக்கமும் படிக்கட்டும். மனுவுக்குக் குறுக்கே கோடு அடித்தேன். மாமாவிடம் காட்டினேன். இப்போது தபாலாபீஸுக்கு நடந்து போகிறேன்.