தம்பி கேட்ட கோல்டு

ஐப்பசி, செவ்வாய்.

தம்பி கேம் ஆட கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுகிறான். பவர் சப்ளை மட்டும்தான் பாக்கி. ப்ரோன்ஸ் ரேட்டிங்கா, அதைவிடக் கரண்ட் மிச்சம் பிடிக்கும் கோல்டு ரேட்டிங்கா என்று ஒரு வாரமாக என் உயிரை வாங்குகிறான்.

சாயங்காலம் மழையில் கரண்ட் போனது. நைனாவின் ஆக்சிஜன் மிஷின் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வந்து நிற்கிறான்.

"அக்கா, கோல்டுன்னா கரண்டு கம்மியாதான் இழுக்கும். என்னுதையும் இன்வெர்ட்டர்லயே போட்டுக்கலாம். ஆட்டம் பாதியில நின்னுபூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாடா பேசிக்கினு கீற? கோல்டு கொஞ்சம் மிச்சம் புடிக்கும், அவ்ளோதான். மழை பேஞ்சா நம்மூர்ல விடிய விடிய கரண்ட் வராது. பேட்டரி தீந்துட்டா நைனா இன்னா பண்ணுவாரு?"

கட்டிலில் படுத்திருந்த நைனா மூக்குக் குழாயை விலக்கினார். "வுடும்மா, வாங்கட்டும். எனக்கு இன்னும் எவ்ளோ நாளிக்கி அந்த மிஷினு?"

நான் குழாயைத் திரும்பச் சொருகினேன். தம்பி ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். 'அப்படிப் பேசாத நைனா' என்றாவது சொல்லியிருக்கலாம்.

கொஞ்ச நேரம் போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தான். பிறகு தலை நிமிராமல் கேட்டான்.

"அப்ப கோல்டே ஆர்டர் போட்டுடட்டுமா அக்கா?"