ஏர்போர்ட்டுக்குப் பேசிய வண்டி வேண்டாம்

கல்மண்டபம், ராயபுரம்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு

அன்பு மகள் உமைமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளை காலிதும், உன் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க துஆ செய்துகொண்டு அத்தா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கண் ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது, வண்டி ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இதை உன் அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். போனில் பேசுவதை விட்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், மாப்பிள்ளை சிரிப்பார், உன் அம்மா இந்தப் பக்கம் உட்கார்ந்து என் கையைக் கிள்ளுவாள். மாடி வீட்டு நவ்ரீன் லீவு முடிந்து சனிக்கிழமை ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறாள், உன் அம்மா போட்ட ஊறுகாயோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

விஷயம் இதுதான். நீ தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வரும் அன்றைக்கு ஏர்போர்ட்டில் இருந்து வீட்டுக்கு வர நெட்டில் யாரோ ஒரு டிரைவரைப் பேசிவிட்டதாகச் சொன்னாயே, அதை ரத்து செய். அத்தா நீங்க அலையாதீங்க, ஜார்ஜியாவுல எங்களுக்கு நோதார் வந்தாரே, அது மாதிரி நல்ல டிரைவரா பார்த்துப் போட்டிருக்கோம், போர்டு புடிச்சிக்கினு நிப்பாரு, நீங்க வூட்லயே ரெஸ்ட் எடுங்க என்று நீ ரொம்ப அக்கறையாகத்தான் சொன்னாய். நானும் சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு சோறு இறங்கவில்லை. கல்மண்டபம் ஸ்டாண்டில் காலமெல்லாம் டூரிஸ்ட் வண்டி ஓட்டியவன் நான், என் மகளை அழைத்துவர இன்னொரு டிரைவரா. உன் அம்மாவிடம் சொன்னால் உனக்கு வவுறு எரியுது, வேறொண்ணும் இல்ல என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். ஆமாம், எரிகிறது. அதை மறைக்க இந்த வயசில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

நோதார் நோதார் என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இதில் கொடுமை என்னவென்றால் அந்த ஆளைத் தேடிக்கொண்டதே நான்தான். கல்யாணமாகி முதல் தடவையாக நீயும் மாப்பிள்ளையும் ஜார்ஜியா என்கிற மலை நாட்டுக்குச் சுற்றப் போகிறோம், அங்கே வாடகைக் கார் எடுத்து நாங்களே ஓட்டப்போகிறோம் என்று சொன்னபோது, பாஷை தெரியாத ஊர், பனி விழுகிற ரோடு, வேண்டாம், அந்த ஊர்க்காரர் ஒருவரை டிரைவராகப் பேசிக்கொள், இளவட்டமாக இருந்தால் பறப்பான், கொஞ்சம் வயசான ஆளாகப் பார் என்று புத்தி சொன்னவன் நான். நீயும் சொன்னபடி கேட்டாய். அந்த ஊரில் இறங்கியதும் நீ அனுப்பிய முதல் போட்டோவில் நரைத்த மீசையோடு ஒரு ஆள், கையில் வெள்ளை அட்டை, அதில் உன் பெயர். அந்த அட்டையைப் பார்த்ததும் ஏனோ எனக்கு மனசு சரியில்லை, அப்போது காரணம் புரியவில்லை. அடுத்த போட்டோவில் நீ முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாய், மாப்பிள்ளை பின்னால் இருக்கிறார். எங்கள் லைனில் முன்சீட்டு என்றால் அது வீட்டு ஆளின் சீட்டு, சவாரிக்கு வருகிற பார்ட்டி பின்னால்தான் உட்காருவார்கள், இது உனக்குத் தெரியாததா. ஹார்பரில் கப்பல்காரர்களை இறக்கிவிட்டு காலி வண்டியோடு திரும்பும்போது உன்னைப் பள்ளிக்கூட வாசலில் ஏற்றிக்கொள்வேனே, அந்த முன்சீட்டுக்கு நீ உன் அம்மாவோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறாய். அந்தப் போட்டோவில் நீ ஆட்டுத்தோல் விரித்து, தலைக்குச் சின்னத் தலையணை வைத்து, கையில் ஆப்பிளோடு சிரித்துக்கொண்டிருக்கிறாய். கீழே ஒரு வரி வேறு, நோதார் அங்கிள் அத்தா மாதிரியே பொறுமையாக ஓட்டுகிறார் என்று. மாதிரி என்னம்மா மாதிரி. நான் உயிரோடு இருக்கும்போது மாதிரி எதற்கு.

மலைக்குப் போன அன்று நடந்ததை நீ முழுசாக அறிய மாட்டாய், மாப்பிள்ளை பாதிதான் சொல்லியிருப்பார். அம்மா பயப்படக் கூடாது என்று வண்டி போகிற இடம் தெரிகிற மாதிரி நீ குரூப்பில் போட்டிருந்தாய் அல்லவா, பக்கத்து வண்டி ரஞ்சித் அதை என் போனில் திறந்து காட்டினான். அவ்வளவுதான், இருதயம்மாள் டீக்கடை பெஞ்சில் ஸ்டாண்டே கூடிவிட்டது. ஜார்ஜியாவில் ஒரு புள்ளி நகர்கிறது, கல்மண்டபத்தில் நாங்கள் பிரேக் போடுகிறோம். இன்னா பாய் இந்தாளு, ஆத்தோரமாவே உருட்டிக்கினு போறான், நம்மாளா இருந்தா இந்நேரம் மேல ஏத்திருப்பான் என்று ரஞ்சித் சொன்னபோது எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா. அப்புறம் அந்தப் புள்ளி ஏதோ ஒரு கிராமத்துக்குள் திரும்பி நின்றுவிட்டது. டீ ஆறிப்போய் இன்னொரு டீயும் குடித்தாயிற்று, புள்ளி அசையவில்லை. வண்டி வேலையில்லாத இடத்தில் நின்றால் எங்கள் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான், பார்ட்டியைக் கடையில் விட்டுவிட்டு டிரைவர் கமிஷனுக்குக் காத்திருக்கிறான். கம்பளிக் கடையில வுட்டுட்டான் பாய், பொண்ணை நல்லா கறக்கறான் என்று ரஞ்சித் சொன்னான், எனக்கும் அப்படித்தான் தோன்றியது, உண்மையைச் சொன்னால் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. இதோடு நோதார் பெயர் நம் வீட்டில் அடிபடாது என்று நினைத்துக்கொண்டு உனக்கு அடித்தேன், நீ எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அடித்து, அவர் பேச வாயெடுப்பதற்குள் போனை டிரைவரிடம் கொடுங்கள் என்றேன். கப்பல்காரர்களிடம் பேசிப் பழகிய இங்கிலீஷில், நோ ஷாப், நோ கமிஷன், மை டாட்டர், கோ ஸ்ட்ரெய்ட் என்று தெருவே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டேன். அந்த மனுஷன் ஓகே சார், ஓகே சார் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். மாமா, உமைமாக்கு மயக்கம் வந்துடுச்சு, இது கடை இல்ல, அவரோட வீடு, அவர் சம்சாரம்தான் பார்த்துக்கினு கீறாங்க என்று மாப்பிள்ளை சொன்னார். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பாய், பொண்ணு எப்டி கீதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ, கமிஷன் கமிஷன்னு கத்திக்கினு என்று இருதயம்மாள் கேட்டது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

அன்றைக்கு நோதாரின் சம்சாரம் உனக்குக் கட்டிலில் படுக்கை போட்டு, கால் தேய்த்துவிட்டு, புளிப்பு பிளம்ஸ் துவையலை நாக்கில் தடவி, உன் முகத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாளாம், அப்போதுதான் உனக்கே சந்தேகம் வந்ததாம். மலை வேண்டாம் என்று நோதார் வண்டியைத் திருப்பி உன்னை மெத்தையில் வைத்த மாதிரி டவுனுக்குக் கொண்டுவந்து, டாக்டரிடம் காட்டி, உறுதியானதும் அந்த ஆள் கண் கலங்கினானாம். இதையெல்லாம் நீ ஷார்ஜா திரும்பி, ஒரு வாரம் கழித்து, நல்ல நாள் பார்த்து எங்களுக்குச் சொன்னாய். உன் அம்மா சந்தோஷத்தில் அழுதாள், நானும் அழுதேன், ஆனால் நான் அழுதது சந்தோஷத்தில் மட்டும் இல்லை. எனக்குப் பேரப்பிள்ளை வரப்போகிறது என்பது முதலில் ஒரு டிரைவருக்குத் தெரிந்திருக்கிறது, அந்த டிரைவர் நான் இல்லை. சின்ன வயசில் ஏலகிரி மலை ஏறும்போதெல்லாம் உனக்குக் குமட்டும், வளைவுக்கு முன்னாலேயே உன் முகம் வெளுப்பதைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டி எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பேன், பின்னால் பார்ட்டி முணுமுணுத்தாலும் கவலைப்பட மாட்டேன். உன் முகம் வெளுப்பதை இன்னொருவன் பார்த்து வண்டியை ஓரம் கட்டியிருக்கிறான். அவன் ஏதாவது தப்பு செய்திருப்பானா என்று நானும் ராத்திரி பகலாக யோசித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் எதையெல்லாம் செய்திருப்பேனோ அதைத்தான் அவனும் செய்திருக்கிறான், குறை சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அவர் நல்ல மனுஷன் என்று எழுதிவிடுகிறேன், அன்றைக்கு நான் கத்தியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவருக்கு எப்படியாவது தெரிவித்துவிடு. ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

இங்கே மற்ற சமாச்சாரம் வழக்கம்போல. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, தூசியில் துணி காயப்போட முடியவில்லை என்று உன் அம்மா புலம்புகிறாள். நீ படுக்க முன் அறையைக் காலி செய்து வெள்ளையடித்தாயிற்று. அவள் கொடுத்தனுப்பும் மாங்காய் ஊறுகாயைச் சாப்பிட்டுவிட்டு, அது அந்தப் பிளம்ஸ் துவையலைவிட நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை அவளிடம் போனில் சொல், வெளியே என்னைக் கிண்டல் செய்தாலும் அவளுக்கும் உள்ளுக்குள் அந்தக் குடைச்சல் இருக்கிறது. வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. லிஃப்ட் இருந்தால் படி ஏறாதே. வண்டிக்கு நான்கு சக்கரமும் புதுசாக மாற்றிவிட்டேன், முன்சீட்டைச் சாய்க்கிற மாதிரி செய்து மெத்தை தைத்துப் போட்டிருக்கிறேன். ஆட்டுத்தோல் இங்கே வெயிலுக்கு ஆகாது, இல்லாவிட்டால் அதையும் போட்டிருப்பேன். கண்ணாடியில் தொங்கும் ஆயத்துல் குர்ஸி வசனத் தகடு மட்டும் பழையதுதான், அதை மாற்ற மனசு வரவில்லை. கண் தெரியுமா என்று உனக்குப் பயமாக இருந்தால் ரஞ்சித்தைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொள்கிறேன், இதற்கு மேல் என்னால் இறங்கிவர முடியாது.

ரஞ்சித்திடம் சொல்லி ஒரு வெள்ளை அட்டையும் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். அந்த முதல் போட்டோவைப் பார்த்து ஏன் மனசு சரியில்லாமல் போயிற்று என்று இப்போதுதான் புரிகிறது. கப்பல் கேப்டன்கள், கம்பெனி ஆட்கள், யார் யாரோ பெயரையெல்லாம் அட்டையில் பிடித்துக்கொண்டு அந்த ஏர்போர்ட் கம்பி ஓரத்தில் கால் கடுக்க நின்றிருக்கிறேன், பாதிப் பெயர் வாயில் நுழையாது. உன் பெயரை ஒரு நாளும் பிடித்ததில்லை. பெற்ற மகளைக் கூட்டிவர அட்டை எதற்கு என்று இருந்துவிட்டேன், அதற்குள் அந்த ஆள் பிடித்துவிட்டார். நீ பேசிய டிரைவரை ரத்து செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, அன்றைக்கு உன் பெயரைப் பிடித்துக்கொண்டு நான் அங்கே நிற்பேன். வெளியே வரும்போது இரண்டு அட்டை தெரிந்தால் எது நல்ல வண்டி என்று பார்க்காதே, பெட்டியை என்னிடம் கொடு.

அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் எந்தக் கண்ணேறும் இல்லாமல் காப்பாற்றுவானாக. மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல், இந்தக் கடிதத்தை மட்டும் காட்டாதே. மறந்துவிடாதே, முன்சீட்டு.

இப்படிக்கு,
உன் அத்தா
சௌக்கத் அலி,
டிரைவர், கல்மண்டபம் ஸ்டாண்டு