பனைமர வீட்டுச் சாவிக்காரி

மத்ரித்,
8 மே 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அவரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வலி கூடினால்தான் நீ எழுதாமல் இருப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

உனக்கு ஒரு வேலை வைக்கிறேன், திட்டாதே. எங்களோடு இருக்கும் என் ஓரகத்தி லியோகாதியாவுக்கு இந்த வருஷம் மத்ரித் வெயில் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெற்குக் கடற்கரைக்கும் போகக் கூடாதாம், அங்கேயும் கொதிக்குமாம். "உன் ஊர்ப்பக்கம் ஆகஸ்ட்லகூடக் குளிருமாமே தோரா? அங்கயே ஒரு வில்லா பார்த்துடு" என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான். புருஷனைப் பறிகொடுத்தவள் என்று இவரும் அவள் பேச்சைத் தட்டுவதில்லை.

வீட்டிலிருந்து கடல் தெரிய வேண்டும், ஆனால் மீன் வாடை வரக் கூடாது. படி அதிகம் இருக்கக் கூடாது. அவளுடைய கிழட்டு நாய் சுல்தான் உலாவத் தோட்டம் வேண்டும். நீ கொஞ்சம் ஏறி இறங்கிப் பார்த்து எழுது, அக்கா. உன்னை விட்டால் எனக்கு அங்கே யார்?

அன்புத் தங்கை,
தோரா

*

போர்த்தோலொபெய்ரா,
19 மே 1986

அன்புத் தங்கை தோரிக்கு,

தோரா என்று கையெழுத்தைப் பார்த்ததும், யார் வீட்டுக் கடிதமோ தபால்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு எழுத்தைப் பார்த்தேன். பட்டணத்தில் பெயரும் மாறிவிடும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உன் ஓரகத்திக்காகத்தான் அலைந்தேன். மணல் ஓரத்தில் இருக்கும் டாக்டர் வீடு அழகுதான். ஆனால் கடல் பொங்கினால் சாக்கடை திரும்பி வந்து வாசலில் நிற்கும். நோட்டரியின் விதவை தன் வீட்டைக் காட்டினாள். சுவர் முழுக்கச் சிலுவை, ஒவ்வொரு அலமாரியிலும் பூட்டு. "நாயா? நாய் இருக்கறவங்களுக்குத் தர மாட்டேன், என் கம்பளத்துக்கு வயசு அதிகம்" என்றாள். அவளுக்கும்தான் அதிகம், நான் சொல்லவில்லை.

மிச்சமிருப்பது மேட்டுப் பனைமர வீடு. கியூபாவில் சம்பாதித்துத் திரும்பியவர் வாசலில் பனை நட்டுக் கட்டினாரே, அதுதான். கடல் தெரியும், வாடை வராது. ஆனால் உள்ளே தேவாலயம் மாதிரிச் சில்லென்று இருக்கிறது. மூடுபனி இறங்கினால் ஆகஸ்ட்டிலும் பல் தந்தியடிக்கும். ஆளுக்கொரு கம்பளி கொண்டு வரச் சொல். மத்ரித்காரர்கள் பருத்திச் சட்டையோடு வந்து நின்று, "இதுவா கோடைக்காலம்?" என்று நம்மைத்தான் கேட்பார்கள்.

அவளுக்கு வில்லா கிடைத்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் இங்கே நம் வீட்டில்தானே தங்கப்போகிறீர்கள்? மேலறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். அம்மா நெய்த கம்பளியையும் வெயிலில் போட்டு எடுத்து உன் கட்டிலில் விரித்திருக்கிறேன். தெருவில் எல்லோரும் ஆகஸ்டில் மேலறையை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழறையில் வெங்காயத்தோடும் வலையோடும் படுக்கிறார்கள். "உன் மேலறை சும்மாதானே கிடக்கு, விட்டா என்ன?" என்று என்னையும் கேட்கிறார்கள். அது என் தங்கச்சியின் அறை என்று சொல்லிவிடுகிறேன்.

எந்தத் தேதி என்று எழுது. ஆலையில் லீவு கேட்க வேண்டும்.

அன்பு அக்கா,
பால்பினா

*

மத்ரித்,
2 ஜூன் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

பனைமர வீட்டையே பேசி முடித்துவிடு. லியோகாதியாவுக்குப் பனை என்றதும் ஒரே சந்தோஷம்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன். நாங்களும் வில்லாவில்தான் தங்குகிறோம், அக்கா. அது மட்டுமில்லை. இங்கே இவர்கள் யாருக்கும் நீ இருப்பது தெரியாது. அவருக்குமே தெரியாது.

முதல்முதலில் அவர் என்னிடம் "உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டார். மத்தி மீன் ஆலையில் டப்பா அடுக்கும் அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. யாரும் இல்லை, எல்லோரும் போய்விட்டார்கள் என்றேன். அப்புறம் அதை மாற்ற முடியவில்லை. கல்யாணத்தைச் சின்னதாக வைக்கிறோம், நீ சிரமப்பட்டு வர வேண்டாம் என்று உனக்கு எழுதியது இதனால்தான். ஈஸ்டருக்கு உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பள்ளித் தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். உன் கடிதங்களையும் யார் கண்ணிலும் படாமல் ஒளித்துத்தான் வைக்கிறேன்.

உன் ஆலைச் சம்பளத்தில் படித்தவள் நான். எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். இந்த ஒரு மாதம் மட்டும், வில்லாவின் சாவியை வைத்திருக்கும் அம்மாளாக நீ இருந்துவிடேன். சமயம் பார்த்து நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

உன்
தோரா

*

போர்த்தோலொபெய்ரா,
14 ஜூன் 1986

தோரிக்கு,

கடிதம் கிடைத்தது. சரி.

நான் வாயை மூடிக்கொள்வேன். ஊர் வாயை எதை வைத்து அடைக்க? ரொட்டிக் கடை ஒதிலாவிடம் மட்டும் சொல்லி வைத்தேன். "என்னடி, உன் தங்கச்சி கொலைகிலை பண்ணிட்டு ஒளிஞ்சு வர்றாளா?" என்று கேட்டாள். இல்லை, கோடைக்கு வருகிறாள் என்றேன்.

எல்லோரும் போய்விட்டார்கள் என்று சொன்னாயாமே. அம்மா அப்பா போனது சரி. என்னை எந்தக் கல்லறையில் வைத்தாய் என்று சொல், பூவாவது கொண்டு போகிறேன்.

லீவு கேட்கவில்லை. ஆலை முடிந்து சாயங்காலம் வந்து சாவி தருவேன். கையை எலுமிச்சை போட்டுத் தேய்த்துக்கொண்டுதான் வருவேன்.

பால்பினா,
சாவிக்காரி

*

மத்ரித்,
3 செப்டம்பர் 1986

என் அக்காவுக்கு,

உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிவிட்டேன். ஏறின நேரம் முதல் இந்தக் கடிதத்தைத்தான் மனசுக்குள் எழுதிக்கொண்டு வந்தேன்.

சொன்னபடியே மூடுபனி இறங்கியது. ஆளுக்கொரு கம்பளி என்று நீ எழுதியதை நான் இவர்களிடம் சொல்லவே இல்லை. அந்த வீட்டுக்குள் அவ்வளவு குளிரும் என்று யார் எழுதினார்கள் எனக் கேட்டால் என்ன சொல்வேன்? லியோகாதியாவுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. அப்போதுதான் நீ மூச்சு வாங்க மேடேறி வந்து, என் கட்டிலில் விரித்திருந்த அம்மாவின் கம்பளியைக் கொடுத்துவிட்டுப் போனாய். நீ கேட்டைத் தாண்டியதும் லியோகாதியா அதைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல கை வேலையா இருக்கே. யாரோடது தோரா?"

"வீட்டோட வந்ததுதான். பழசு."

"அப்படியா? அப்ப சுல்தானுக்கு விரிச்சுடட்டுமா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கா. உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அந்தக் கம்பளிக்குள் நாம் இருவரும் எத்தனை வருஷம் காலோடு கால் இடித்துக்கொண்டு தூங்கியிருப்போம்! நான் "விரிங்க" என்றேன்.

மறுநாள் நீ எம்பனாடா சுட்டுக்கொண்டு வந்தாய். மாவுக்குள் சிப்பி வைத்தது, எனக்குப் பிடித்தபடி மிளகாய்த்தூள் தூக்கலாக. கதவு திறந்திருந்தது. நாய் எதன்மேல் படுத்திருக்கிறது என்று நீ பார்த்தாய். நான் ஓடி வந்து உன் காலில் விழுந்திருக்க வேண்டும். நீ தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "வேற ஏதாச்சும் வேணுமாம்மா?" என்று என்னைக் கேட்டாய். என்னைப் போய் அம்மா என்றாய். நானும் "ஒண்ணும் வேண்டாங்க, நீங்க போகலாம்" என்றேன். கூசாமல் சொன்னேன். அந்த எம்பனாடாவை இவர் ருசித்துத் தின்றார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

கிளம்பும் நாளில் கம்பளியை எடுத்து உன்னிடம் கொடுத்துவிட வேண்டுமென்று தேடினேன். காணவில்லை. தோட்டம் வரை தேடிப் பார்த்தேன். அதையும் தொலைத்துவிட்டேன், அக்கா. சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதினேனே, ஒரு மாதம் முழுக்கச் சமயம்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது. நாலு வார்த்தை திட்டியாவது எழுது.

தோரா

*

போர்த்தோலொபெய்ரா,
20 செப்டம்பர் 1986

தோரிக்கு,

கம்பளி தொலையவில்லை. இங்கேதான் இருக்கிறது.

நீங்கள் காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த காலையில், நாயை நடத்திவிட்டு வருவதாகச் சொல்லி உன் ஓரகத்தி என் வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு பை. உள்ளே கம்பளி, துவைத்து மடித்து வைத்திருந்தாள். துவைத்துக் காயவைக்க, பனி விலகி வெயில் வரட்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தாளாம்.

"உட்காரலாமா?" என்று கேட்டாள். சமையலறையில்தான் உட்கார வைத்தேன்.

"நான் முதல் நாளே ரொட்டி வாங்கப் போனேங்க. 'பால்பினா தங்கச்சி வீட்டுக்குத்தானே, அவளுக்கு முறுகல் ரொட்டிதான் பிடிக்கும்'னு கடைக்காரம்மா எடுத்துக் கொடுத்தாங்க" என்றாள். ஒதிலா வாய் தவறிச் சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா, அது அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் வெளிச்சம்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் கம்பளியைப் பத்திக் கேட்டேன். அப்பவாவது சொல்லிடுவான்னு பார்த்தேன். நாய்க்கு விரிக்கவான்னு கேட்டேன் பாருங்க, அது நான் செஞ்ச தப்பு. அவ வாயைப் பிடுங்கப் போயி உங்க மனசைப் புண்ணாக்கிட்டேன். எனக்கே அசிங்கமா இருக்கு." முகமெல்லாம் சிவந்துவிட்டது அவளுக்கு. நான் சாப்பிடுங்கள் என்று அவித்த பேய்க்கணவாயும் உருளைக்கிழங்கும் வைத்தேன். மிச்சம் வைக்காமல் தின்றாள்.

போகும்போது, "எனக்குத் தெரியும்னு தோராகிட்டச் சொல்லிடாதீங்க, கூனிக்குறுகிப் போயிடுவா" என்றாள். உனக்காக அவளிடம் ஒரு மாதம் நடித்தேன். இனி அவளுக்காக உன்னிடமும் நடிக்க என்னால் முடியாது. சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. அந்தப் பனைமர வீட்டுச் சில்லிப்பு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். அடுத்த ஆகஸ்டுக்கு என் மேலறை கிடைக்குமா என்று கேட்டாள். அது வாடகைக்கு இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். யாருக்காக வைத்திருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கொடுத்துவிட்டேன். தெருவில் எல்லோரையும் போல நானும் கீழறைக்கு இறங்கிக்கொள்கிறேன்.

நீ வருவதானால் எழுது, பனைமர வீட்டைச் சொல்லி வைக்கிறேன். சாவி வாசலில் ஆணியில் தொங்கும். கொண்டுவந்து கொடுக்க இந்த முறை ஆள் இருக்காது.

பால்பினா

*

மத்ரித்,
11 அக்டோபர் 1986

அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அழுதேன். அழுவது சுலபமாகத்தான் இருந்தது. அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் இவரிடம் சொன்னேன். லியோகாதியா எழுந்து போகப் பார்த்தாள், உட்காருங்கள் என்றேன். "சாவி கொடுக்க வந்தாங்களே, அவங்க என் அக்கா. என்னை வளர்த்தவங்க. மத்தி ஆலையில வேலை செய்றாங்க" என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

இவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கரண்டியைக் கீழே வைத்தார். "அந்த எம்பனாடாவை நான் நின்னுக்கிட்டே தின்னேன். அவங்களை உட்காருங்கன்னுகூடச் சொல்லல. என்னை என்ன மனுஷன்னு நினைச்சிருப்பாங்க?" என்றார். பிறகு, "கல்யாணத்துக்குமா கூப்பிடல?" என்று கேட்டார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசுவார். பேசாவிட்டாலும் எனக்கு வேண்டியதுதான்.

மேலறையை லியோகாதியாவுக்கே கொடு. நான் கேட்க வாயில்லாதவள். பனைமர வீடு வேண்டாம், அந்தப் பக்கமே என்னால் போக முடியாது. கீழறையில் எனக்கு இடம் இருக்குமா, அக்கா? சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்காரர்களை வெங்காயக் குடும்பம் என்று கேலி செய்தேன். அந்த வெங்காயத்துக்கும் வலைக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டால் போதும். நீ ஆலைக்குப் போகும்போது நானும் கூட வருகிறேன், வாசல் வரை. ஊர் பார்க்கட்டும்.

வராதே என்றாலும் எழுது. வராமல் இருந்துவிடுகிறேன்.

உன்
தோரி

*

(அஞ்சலட்டை)

30 அக்டோபர் 1986

தோரி,

கீழறையில் கட்டில் ஒன்றுதான். சுவர்ப்பக்கம் எனக்கு. கம்பளியை மேலே உன் ஓரகத்திக்கு விரித்துவிட்டேன், நமக்குக் கோணிச்சாக்குதான்.

நீ வரும் அன்று ரயில் நிலையத்தில் நிற்பேன். ஆலையிலிருந்து நேராக, ஆலை உடுப்போடுதான் வருவேன். எலுமிச்சை தேய்க்க மாட்டேன். பெட்டியிலிருந்து இறங்கினதும் அங்கிருந்தே கூப்பிடு. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிக் கூப்பிடு. மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அக்கா