மூன்றாவது தட்டு

செஞ்சி,
12.8.1986

அன்பு நண்பன் ஜகபர் அலிக்கு,

தர்மதாஸ் எழுதுவது. உன் நலத்துக்காக நான் பகவானிடமும், உன் தங்கை ஹபீபா அல்லாவிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டு பக்கமும் சொல்லி வைத்திருப்பதால் துபாயில் உனக்கு ஒரு குறையும் வராது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் அமீர் ஜான் வீட்டில் பங்கு கேட்டு கேஸ் போட்டுவிட்டார். உங்களைப் பெற்ற நைனா ஜான் பாஷா சாவதற்கு முன் வீட்டை ஹபீபாவுக்கே கொடுத்தார் என்பது கட்டுக்கதையாம். ஹிபா என்கிற தானத்துக்கு எழுத்து வேண்டாம், வாயால் சொல்லி ஒப்படைத்தால் போதும் என்ற உங்கள் வழக்கத்தை நம்பி நாம் யாரும் பேப்பரைத் தொடவில்லை. சாட்சியாக இருந்த இளையபெருமாள் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொரு சாட்சி நீ, கடல் தாண்டி இருக்கிறாய். நானோ அந்த வீட்டு முன்கட்டிலேயே மைக்செட் கடை வைத்திருப்பவன், என் பேச்சு எடுபடாது என்கிறார் வக்கீல். மிச்சம் இருப்பது அன்றைக்கு நான் பதிவு செய்த ஸ்பூல் டேப்தான். தோற்றால் ஹபீபா மகள் முன்னியைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வர வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்து மெஷின் படுத்துவிட்டது. நீ முதல் லீவில் கொண்டுவந்தாயே, அதே மெஷின். டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை உருகிப் பிசினாகிவிட்டது. மூர் மார்க்கெட் எரிந்த பிறகு மெட்ராஸில் இதற்கெல்லாம் நாதியில்லை. ரிச்சி தெருவில் கேட்டால், "இனிமே எல்லாம் கேசட்தான், ஸ்பூல மறந்துடு" என்கிறார்கள். டேப்பை மிச்சம் பிடிக்கிறேன் என்று அன்று மிக மெதுவான வேகத்தில் பதிவு செய்துவிட்டேன். அந்த வேகம் இல்லாத மெஷினில் போட்டால் நைனா குருவி மாதிரி கீச்சிடுவார். கேசட்டில் ஏற்றி வைத்திருக்கலாம். நாளைக்கு நாளைக்கு என்று ஐந்து வருஷம் ஓட்டிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அங்கே அந்த உருளை கிடைத்தால் உடனே அனுப்பு. உருளை போனது ஹபீபாவுக்குக்கூடத் தெரியாது, தெரிந்தால் பயந்துவிடுவாள். நைனாவின் ஸ்பூல் கடை அலமாரியில் மூன்றாவது தட்டில் பத்திரமாக இருக்கிறது. அக்டோபர் 27 வாய்தா.

உன்,
தர்மதாஸ்


செஞ்சி,
18.9.1986

அன்பு ஜகபர்,

தபால்காரரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

மேல்மலையனூரில் அமாவாசைக்கு மைக் கட்டும் தங்கராசுவிடம் இதே மாதிரி மெஷின் இருந்தது. இரவல் கேட்கப் போனேன். "போன வாரம்தாண்ணே ஒருத்தர் கார்ல வந்து எடுத்துக்கினு போய்ட்டாரு. ஓடலன்னாலும் பரவால்லன்னாரு" என்றான். திண்டிவனத்தில் இருந்த ஒன்றையும் அதே கார் வந்து எடுத்துப் போயிருக்கிறது. பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவன் ஓடாத மெஷினை வாங்குவானா?

நேற்று அந்த ஆள் என் கடைக்கே வந்தார். மெஷினைக் கொடு என்றார். விற்பதற்கில்லை என்றேன். "உருள போன மெஷின வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்று சிரித்துவிட்டுப் போனார். மெஷின் அப்போது துணி போட்டு மூடியிருந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

உருளை கிளம்பிவிட்டதா என்று ஒரு வரி எழுது.

தர்மதாஸ்


செஞ்சி,
9.10.1986

ஜகபர்,

உன் கடிதம் கிடைத்தது. உருளை கிடைக்கவில்லை, கேஸ் கோர்ட் எல்லாம் எதற்கு, அண்ணன் சொல்வதைக் கேட்டு நடக்கும்படி ஹபீபாவுக்குப் புத்தி சொல் என்று எழுதியிருக்கிறாய். அதை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற சமணன் நான். ஐந்தரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ஏழு மணிக்குத் திரும்புவேன் என்பது உனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தபோது பூட்டு திறந்து கிடந்தது. ஒரு துண்டு ஒயர்கூடக் களவு போகவில்லை. மூன்றாவது தட்டில் மட்டும், ஸ்பூல் டப்பாக்களின் மேல், பெரிய ஸ்பீக்கரின் காந்தம் ஒன்று இருந்தது. காந்தம் டேப்பை அழித்துவிடும் என்று செஞ்சியில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் தங்கை வசந்தா கல்யாணத்தில் பதிவு செய்த டேப்பின் மேல் ஸ்பீக்கரை வைத்துப் பாழாக்கி, நீயும் நானும் சேர்ந்து ஏச்சு வாங்கினோமே.

நைனாவின் ஸ்பூல் அந்தத் தட்டில் இல்லை. கார்க்காரர் வந்து போன அன்றே இடம் மாற்றிவிட்டேன். எங்கே என்று இந்தத் தடவை எழுதப் போவதில்லை.

ரிச்சி தெருவில் ஊர் பேர் சொல்லாமல் விசாரித்ததை விட்டால், உருளை போனதையும் மூன்றாவது தட்டையும் உன்னைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லை. கடிதத்தை வழியில் எவனோ பிரித்துப் படித்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வீடு பங்குக்கு வந்தால் உனக்கும் ஒரு பங்கு உண்டு என்று வக்கீல் சொன்னபோது அவர் மேல் எரிந்து விழுந்தேன். கடைசியில் உருளை போனதை ஹபீபாவிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவள் பயப்படவே இல்லை. "எங்க சின்னண்ணன் எப்டியாவது அனுப்பிடும்" என்று முன்னியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அந்த டேப்பில் நைனா பேசி முடித்ததும் கொஞ்சம் இருமுவார். அதற்கப்புறம் ஒரு குரல் வரும். "நைனா சொன்னது சரி. நான் சாட்சி." அது உன் குரல், ஜகபர். உருளை வராவிட்டால் போகட்டும். அதே வார்த்தைகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு 27-ஆம் தேதிக்குள் கிடைக்கும்படி அனுப்பு, மிச்சத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார். பிறகு நான் எதையும் கேட்கமாட்டேன். எதையும் நினைக்கவும் மாட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

இன்னமும் உன் நண்பன் என்றே கையெழுத்திட விரும்பும்,
தர்மதாஸ்