சிவப்புக் கட்டங்கள்

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை

மதுரையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் சார் என் எக்செல் ஷீட்டில் எண்களைப் படிக்கவேயில்லை, அவர் சொன்னபடி நான் போட்டுவைத்த நிறங்களைத்தான் பார்த்தார். ஒரே பட்டாசு ஆர்டரை மூன்று ஷீட்டில் திரும்பத் திரும்ப அடிக்கும் இடமெல்லாம் மஞ்சள். மழையில் சரக்கு காயாமல், லோடு தாமதம் என்று வியாபாரிக்குப் போன் செய்யவேண்டிய இடமெல்லாம் சிவப்பு.

"மஞ்சளை முதல்ல மெஷினுக்குக் குடுத்துரலாம். சிவப்புக்கு ஆள் வேணும்," என்றார்.

மஞ்சள் முழுக்க என் வேலை. போன் பேசுவது மேரி அக்கா.

"அப்ப ஜோதிக்கு இனி லீவுதான்!" என்று அக்கா சிரித்தாள்.

முதலாளி அண்ணாச்சி சிரிக்கவில்லை. "சீசன்ல மேரி ஒருத்தியால முடியல. நாளையில இருந்து நீயும் போன் பேசு தாயி. பேசுனாத்தான் இங்கன வேலை இருக்கும்."

தலையாட்டினேன். பத்தாவதோடு நின்ற எனக்கு இந்த நாற்காலி கிடைத்ததே பெரிது. யாரோடும் பேசாமல் நாளெல்லாம் டைப் அடிக்கலாம் என்பதாலேயே அது பிடித்திருந்தது. லோடு வராவிட்டால் வியாபாரிகள் கத்துவார்கள். அக்கா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். மெஷின் சிவப்பை எடுத்துக்கொண்டு மஞ்சளை எனக்கே விட்டிருக்கலாம்.

ராத்திரி வீட்டில் இதை எழுதிக்கொண்டே, வியாபாரியிடம் பேசுவதுபோல, "வணக்கம் அண்ணாச்சி, சரக்கு இன்னும் காயல, லோடு ரெண்டு நாள் தள்ளும்," என்று முணுமுணுத்துப் பார்த்தேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அம்மா, "யாருட்ட புள்ள பேசுற? ஒண்ணுமே கேக்கல," என்றாள்.

நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் சத்தமாக மறுபடியும் சொன்னேன்.